நான் போட்ட கமிட்டே லாக்ல இல்ல, இது என்ன நியாயம்?

கோடுகிறுக்கன்: நெகட்டிவ் தொகை வந்தா நிறுத்துற மாதிரி ஒரு ஃபைல்ல நாலு வரி செக் போட்டிருந்தேன், இன்னைக்கு பாத்தா அந்த நாலு வரியும் இல்ல. யாரு எடுத்தாங்கன்னு கிட்ல (கோடு மாற்றங்கள பதிவு பண்ணி வைக்கற மென்பொருள்) அந்த ஃபைலோட வரலாற காட்டுற 'கிட் லாக் -பி' அடிச்சா எடுத்த கமிட்டும் (பதிவு பண்ண மாற்றம்) வரல, நான் போட்ட கமிட்டும் வரல! என் கமிட்டோட ஐடி குடுத்து 'கிட் ஷோ' போட்டா மட்டும் வருது, நான் தனியா வேலை செஞ்ச பிராஞ்சும் (கிளை) மெர்ஜ் ஆயிருக்கு, அதாவது மத்த கோடோட சேந்திருக்கு.

பழையகிளை: ஃபைல் பேர் குடுத்தா, இப்ப இருக்குற ஃபைல் எப்படி இந்த நிலைக்கு வந்துச்சுன்னுதான் கிட் சொல்லும். மெர்ஜ்ல அந்த ஃபைல் ஒரு பேரன்ட்ல (சேந்த கிளைகள்ல ஒண்ணோட கடைசி கமிட்) இருந்த மாதிரியே அச்சு அசலா இருந்தா அந்த வழியா மட்டும் போகும், மத்த கிளைய திரும்பிக்கூட பாக்காது. '--ஃபுல்-ஹிஸ்டரி -எம் -பி' சேத்து போட்டு பாருங்க. டிஃபால்ட் சரிதான், பெரிய ரெப்போல (மொத்த கோடும் அதோட வரலாறும் இருக்குற இடம்) எல்லாத்தையும் காட்டினா யாரு படிக்கறது.

கோடுகிறுக்கன்: கெடச்சிருச்சு. ஒரே ஒரு இடத்துல கான்ஃப்ளிக்ட் (ரெண்டு கிளையும் ஒரே இடத்த வேற வேற மாதிரி மாத்தினது), அதுவும் இம்போர்ட் வரில, அதுக்கு போய் 'செக்அவுட் --அவர்ஸ்'னு அவங்க பக்கத்து ஃபைல் முழுசையும் எடுத்திருக்காங்க போல, என் நாலு வரி அதோட போச்சு. ஆனா பழையகிளை, காணாம போனதத்தான தேடுறோம், அத மறைக்கிறது எப்படிங்க சரியான டிஃபால்ட் ஆகும்?

பழையகிளை: தப்பு மெர்ஜ் பண்ணவங்களோடது, லாக் என்ன பண்ணும்.

சும்மாபடிக்கறவன்: லாக் மேலயும் தப்பு இருக்கு. மெர்ஜ் கமிட்டுக்கு 'லாக் -பி' சும்மா போட்டா டிஃபே (என்ன மாறுச்சுங்கற வித்தியாசம்) வராது. '--சிசி' போட்டாலும் எல்லா பேரன்ட்ல இருந்தும் மாறின ஃபைலத்தான் காட்டும், இங்க ஒரு பேரன்ட் மாதிரியே இருக்கறதால அதுலயும் தெரியாது. ரிவ்யூல எவன் கண்டுபிடிப்பான் சொல்லுங்க? ரீநேமும் இதே கதைதான், கிட் அத பதிவே பண்றதில்ல, உள்ளடக்கம் 50 சதவீதமாவது ஒத்துப்போனா ரீநேம்னு ஊகிக்கும். பேரையும் மாத்தி பாதிக்கு மேல திருத்தி ஒரே கமிட்டா போட்டா, பேர் மாறினாலும் வரலாற தொடர்ற '--ஃபாலோ' அங்கயே நின்னுரும். மெர்க்குரியல்ல (கிட் மாதிரி இன்னொரு மென்பொருள்) 'ஹெச்ஜி மூவ்'னு சொன்னா எழுதி வச்சுக்கும்.

பழையகிளை: மூவ்னு சொல்ல மறந்தா அங்கயும் அதே ஓட்டைதான். ரீநேம் தனி கமிட், திருத்தம் தனி கமிட்னு போட்டா கிட்டும் ஒழுங்கா புடிச்சுக்கும்.

சும்மாபடிக்கறவன்: கடைசில ஸ்குவாஷ் பண்ணி ரெண்டையும் ஒண்ணாக்கிருவாங்களே, அப்ப?

பழையகிளை: ஸ்குவாஷ் பத்தி பேச ஆரம்பிச்சா இன்னைக்கு தூங்க முடியாது.

கோடுகிறுக்கன்: நாலு வரிய திரும்ப போட்டுட்டேன், இந்தவாட்டி டெஸ்ட்டோட.