கிளே வேலைச் சாமான்கள் நம்ம மலேசிய வெயிலிலும் ஈரத்திலும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் பொம்மைக்காரி:

கொலுவுக்குக் குட்டி வாழை இலைச் சாப்பாடு, தோசைக்கல், உளுந்து வடை என்று பாலிமர் கிளேயில், அதாவது அவனில் (oven) சுட்டால் கெட்டியாகும் பிளாஸ்டிக் களிமண்ணில், செய்து விற்கிறேன். சனிக்கிழமைகளில் வீட்டிலேயே வகுப்பும் உண்டு. வகுப்புக்கு வருகிறவர்கள் சாமான் பெட்டியைத் திறந்ததுமே, போன வாரம் முழுக்க அது எங்கே கிடந்தது என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், கிளே சாமான்கள் வேலை செய்யும்போது கெடுவது கொஞ்சம்தான். மூடி வைத்த பிறகு கெடுவதுதான் அதிகம். உங்களுக்கும் அப்படித்தானா?

செராஸிலிருந்து வரும் ஓர் அம்மா, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியில் சுடாத கிளேயைச் சுற்றாமல் போட்டு வைத்திருந்தார். நடுவில் ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்தால், சிவப்புக் கிளே பெட்டியின் அடியோடு ஒட்டிக் கிடக்கிறது. பிய்த்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து நூல் நூலாக வருகிறது. பக்கத்தில் கிடந்த ஊசியின் கைப்பிடியும் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. “வெயில்ல உருகிடுச்சு போல டீச்சர்” என்றார்.

வெயில் காரணம் இல்லை. இந்தக் கிளேயின் அடிப்படை பிவிசி. அதை மிருதுவாக வைத்திருக்க பிளாஸ்டிசைசர் என்று எண்ணெய் மாதிரி ஒன்றைக் கலப்பார்கள். அது பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கில் பட்டால் மெல்ல மெல்ல இளக்கிவிடும். பெட்டியைக் கவிழ்த்து, முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், வேண்டாம். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன், தாராளமாக வைக்கலாம். சாப்பாடு கட்டித் தரும் டப்பாக்களில் பல இந்த 5 தான், கழுவித் துடைத்தால் போதும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வார்னிஷ் அடித்த மேசையிலும் கிளேயை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வழுவழுப்பான வெள்ளை டைல் ஒன்று போதும், அதன் மேலேயே செய்து அப்படியே அவனுக்குள் வைத்துவிடலாம்.

தஞ்சோங் தோக்கோங் அக்கா:

பிளாஸ்டிக் பெட்டியை விடுங்கள் தங்கச்சி, கடலோர ஃபிளாட்டில் இருந்து பாருங்கள். பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் உப்புக் காற்று, பூட்டி வைத்தால் புழுக்கம். இங்கே இரும்பு எதுவும் தப்பாது.

கிளேயை மெல்லிசாகத் தேய்க்க நான் வைத்திருக்கும் பாஸ்தா மெஷின் பழையது. ஒரு சீன ஆண்ட்டி நூடுல்ஸ் போட வைத்திருந்ததை வாங்கினேன். வெள்ளைக் கிளேயை ஓட்டினால் ஓரத்தில் சாம்பல் கோடு விழுந்துகொண்டே இருந்தது. உருளையை எவ்வளவு துடைத்தும் போகவில்லை. ஜார்ஜ்டவுனில் தையல் மெஷின், கிரைண்டர் எல்லாம் பழுது பார்க்கும் ஓர் அங்கிளிடம் கொண்டுபோனேன். அவர் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். உருளையை ஒட்டியபடி மெல்லிய தகடு ஒன்று வெளியே வந்தது. அதன் முதுகில் பச்சை, மஞ்சள், கறுப்பு என்று கிளே அடுக்கடுக்காக அப்பிக் கிடந்தது. நான் ஓட்டிய வண்ணமெல்லாம் வரிசையாக அங்கே இருக்கிறது! உருளையில் ஒட்டுவதைச் சுரண்டத்தான் அந்தத் தகடு. சுரண்டியது எங்கே போகும்? அதன் பின்னாலேயே தங்கி, அடுத்த வண்ணத்தில் வந்து கலக்கும். தேய்ந்த உருளையாலும் சாம்பல் கோடு வருமாம், ஆனால் முதலில் தகட்டைப் பார் என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று. உருளையின் முனையில் கீச்சென்று சத்தம் வந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நம்மவர்கள் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். அது நாள்பட்டால் பிசினாகி, தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவவே கூடாது. இது இத்தாலிய அட்லஸ் மெஷினின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

துடைக்க ஃபார்மசியில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. ஆனால் அது 70 சதவீதம்தான், மிச்சம் தண்ணீர். அதனால் துடைத்ததும் காய்ந்த துணியால் இன்னொரு தரம். பழைய லுங்கித் துணி எடுங்கள், டவல் வேண்டாம், பஞ்சு ஒட்டும்.

கெப்போங் தாத்தா:

பிளேடு பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த நீளமான, வளையும் பிளேடுதான் முதலில் துருப்பிடிக்கும். துரு கிளேயில் இறங்கினால் வெள்ளை வடை பழுப்பு வடை ஆகிவிடும்.

அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கிறோமே, அடியில் தண்ணீர் சேரும் பிளாஸ்டிக் டப்பா, அதைப் பிளேடு பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு, சேரும் தண்ணீர் உப்புக் கரைசல். கவிழ்ந்தால் துருவை நாமே அழைத்த மாதிரி. காலணிப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் போதும். பிளேடு காந்தப் பட்டையில் ஒட்டியிருக்கட்டும். மழுங்கிய பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சு ஒரு கோடு, பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

செந்தூல் கம்மல் கடை:

கிளேயைப் பிழியும் எக்ஸ்ட்ரூடர் என்பது நம்ம முறுக்கு உரல்தானே என்று சொல்லிச் சொல்லியே, என் தோழி ஒருத்தி அவள் அம்மாவின் பித்தளை உரலை எடுத்துவிட்டாள். ஓமப்பொடி அச்சைப் போட்டுப் பச்சைக் கிளேயைப் பிழிந்தால் புல் அழகாகத்தான் வந்தது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தீபாவளிக்கு முறுக்கு எதுலம்மா சுத்துறது?” என்று மட்டும் கேட்டார்.

சரியான கேள்வி. கிளே பட்ட சாமான் திரும்பவும் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது, எத்தனை தடவை கழுவினாலும் சரி. தோழி அம்மாவுக்குப் புது உரல் வாங்கிக் கொடுத்தாள். அம்மாவுக்கு அதில் திருப்தி இல்லை என்பது வேறு கதை.

எக்ஸ்ட்ரூடரைப் பொறுத்தவரை, ஓட்டைக்குள் மாட்டிக்கொண்ட கிளேயை ஊசியால் குத்திக் குத்தி எடுப்பதைவிட, உலோக வில்லையை மட்டும் தனியாகக் கழற்றி அவனில் சுட்டுவிடுங்கள். கிளே கெட்டியாகி, தள்ளினால் துண்டாக விழும். ரப்பர் வளையத்தை அவனில் வைக்காதீர்கள். வண்ணம் மாற்றும்போது வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள், பாதிக் கழுவல் மிச்சம்.

பட்டர்வொர்த் தம்பி:

காடியில் (காரில்) எதையும் விடாதீர்கள் அக்கா. எனக்குத் தெரிந்த ஒருவர் பஜாரில் கடை போட வந்தவர், கிளேயை வட்டமாக வெட்ட 3டி பிரிண்டரில் செய்த கட்டர் ஒரு பை நிறைய டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து பார்த்தால் வட்டமெல்லாம் முட்டை வடிவம். அந்தக் கட்டர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக், சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காடியின் டேஷ்போர்டு அதைத் தாண்டும். கூட இருந்த கிளேயும் பாதி வெந்து, பிசைந்தால் பொடிப் பொடியாக உதிர்ந்தது.

ஒரு சந்தேகம். ஆக்ரிலிக் உருளையை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பொம்மைக்காரி:

வேண்டவே வேண்டாம் தம்பி. அசிட்டோன் பட்டால் ஆக்ரிலிக் மங்கி, மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் எல்லாம் அப்படியே கிளேயில் பதியும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். ஆல்கஹாலும் ஆக்ரிலிக்குக்கு வேண்டாம், அதை இரும்புச் சாமானுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவன் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: குமிழில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கிளே பிராண்டைப் பொறுத்து, ஃபீமோவுக்கு 110 டிகிரியில் 30 நிமிடம், பிரீமோவுக்கு 130 டிகிரியில் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 30 நிமிடம் என்று பாக்கெட்டிலேயே இருக்கும். சின்ன டோஸ்டர் அவன்கள் சூடேறும் கம்பி பக்கத்தில் குமிழில் வைத்ததைவிட நிறையச் சூடாகும். கிளே கருகினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், தொண்டையைப் பிடிக்கும். வாடை வந்தால் சுவிட்சை அடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆள் வெளியே வந்துவிடுங்கள். தீபாவளிப் பலகாரம் சுடுகிற அவனில் இந்த வேலையே வேண்டாம். பழைய டோஸ்டர் அவன் ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

தஞ்சோங் தோக்கோங் அக்கா, அந்தத் தகட்டைத் திரும்ப மாட்டும்போது உருளையோடு எவ்வளவு இடைவெளி விட்டார் அங்கிள்? என் மெஷினையும் கவிழ்த்து வைத்திருக்கிறேன், ஸ்க்ரூ இரண்டும் கையில் இருக்கிறது.