நாய் படுக்கிற இடத்தை அழித்துவிட்டேன்

கீழத்தெரு அம்மா:
போன மாதம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. பாப்பாவுக்கு ஆறு வயசு. ஸ்கூலுக்குப் போகிற வழியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தாள். பஞ்சர் கடை, பிள்ளையார் கோயில், அடிபம்பு எல்லாம் சின்னச் சின்னதாக. நடுவில் ஸ்கூலைவிடப் பெரிசாக ஒரு கறுப்பு வட்டம். "இது நாய் படுக்கிற இடம்"னாள். "மேப்ல நாயெல்லாம் வராதுடா"னு ரப்பரை எடுத்து நானே அழித்தேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அங்கதாம்மா நான் ஓடுவேன்" என்றாள். அவள் தினமும் அங்கே ஓடுகிறாள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
என் வகுப்பில் சுவரில் இந்தியா மேப். "வடக்கு எங்கே?" என்றதும் அத்தனை கையும் ஃபேனைக் காட்டின. வடக்கு மேலே என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆணியிலிருந்து கழற்றித் தரையில் விரித்து, சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஒரு பையன் கன்னியாகுமரிக்குக் கீழே போய் நின்று, "டீச்சர், இமயமலை ஹெச்.எம். ரூம் பக்கமா இருக்கு!" என்று கத்தினான். அப்புறம் அதைச் சுவரில் மாட்டவே மனசு வரவில்லை.

ஓய்வுபெற்ற சர்வேயர்:
டீச்சரம்மா, விரித்தது நல்ல காரியம். ஆனால் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஓரிரு நாள்தான். ஜூனில் 23, 24 டிகிரி வடக்கே தள்ளிப்போகும். காம்பஸ் வையுங்கள்.

அந்த அம்மா அழித்தது தப்பு. அரசாங்கம் போடுகிற விவரமான நில மேப்பான டோபோ ஷீட்டிலேயே கிணறு, கோயிலுக்கெல்லாம் குறி உண்டு. நடக்கிறவருக்கு எது தேவையோ அது மேப்பில் இருக்க வேண்டும்.

என் பேரன் வாசலிலிருந்து கிணறுவரை 41 காலடி என்றான், எனக்கு 22. அன்றைக்குச் சாப்பாடுவரை சண்டை. தரையில் இத்தனை தூரம், தாளில் இத்தனை என்கிற மேப் ஸ்கேலை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். முதலில் தீப்பெட்டியை மேலேயிருந்து பார்த்து வரையட்டும், பிறகு மேசை, பிறகு அறை. காலடியால் அளக்கட்டும், பத்துக் காலடிக்கு ஒரு கட்டம். 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர் சென்னைப் பரங்கிமலைப் பக்கம், மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டுத்தான் அளந்தார். நாட்டை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்த இந்தியாவின் முக்கோண அளவை முழுக்க அங்கிருந்து கிளம்பியது. குழந்தைக்குக் கால்தான் சங்கிலி. குறிகளையும் அதுவே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் திருத்தாதீர்கள்.

கீழத்தெரு அம்மா:
சரிங்க ஐயா. நேற்று புதுத் தாள் கொடுத்தேன். நாயை விட்டுவிட்டு வரைந்தாள். "மேப்ல வராதும்மா" என்கிறாள். இன்றைக்குக் கூடவே நடந்தேன். அடிபம்பு தாண்டியதும் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.