மீளேற்றத்துக்குப் பின்னும் மாறியின் மதிப்பு: என்ன சொல்?

மடல் 1
வணக்கம். வலைநிரலாக்கப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பக்கத்தை மீளேற்றினால் (reload), உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகள் அழிந்துவிடுகின்றன, பாதி நிரப்பிய படிவமும் பல வேளைகளில் சேர்ந்து போகிறது. மதிப்பை முன்பே வேறிடத்தில் வைத்து மீட்டெடுக்கிறோமே, அதற்குப் பெயர் வேண்டும். 'நிலைத்தன்மை' என்று எழுதியிருந்தேன். தளம் முடங்காமல் ஓடுவது என்று வகுப்பில் புரிந்துகொண்டார்கள்.

மடல் 2
கோளாறு 'நிலை'யிலேயே இருக்கிறது. உலாவியும் வழங்கியும் (server) பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபி ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தே பார்க்கிறது, முந்தையதை நினைவில் வைப்பதில்லை. அதை (stateless) 'நிலையற்ற நெறிமுறை' என்று எழுதினால் தமிழ்க் காதில் நிலையாமை என்றே விழும். குறளின் 34ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர். 'மன்' என்ற வேருக்குப் போவோம். 'மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர்' என்கிறது புறநானூறு (165). மன்னுதல் நீடித்து நிற்றல். உலாவி, மாறி, வழங்கி வரிசையில் 'மன்னி' என்று வைக்கலாம். மன்னன் என்ற சொல்லும் இங்கே கிளைத்தது என்றே நான் கொள்கிறேன். தான் மாய்ந்தாலும் புகழை நிறுத்த நினைத்தவன் அவன்.

மடல் 3
திரையில் 'மன்னி' என்று கண்டால் மன்னிப்புக் கேட்கிறது என்றே மாணவர் நினைப்பார். என் தெரிவு 'எச்சம்'. வினையெச்சத்தைப் பாருங்கள்: 'வந்து' என்றதும் வாக்கியம் முடிவதில்லை, முடிக்கும் வினைக்காக அந்தச் சொல் காத்திருக்கிறது. சேமித்த மதிப்பும் அடுத்த ஏற்றத்துக்காக அப்படித்தான் காத்திருக்கிறது. பறவை எச்சத்தைச் சொல்லி மறுப்பீர்கள். அந்த ஒரு பொருளுக்குப் பயந்து இலக்கணம் தந்த சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

மடல் 4
பதினான்கு ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன், என் கேள்வி வேறு: 'எச்ச'த்திலிருந்து வினைச்சொல் வருமா? 'இந்த மதிப்பை எச்சப்படுத்து' என்று யாராவது சொல்வார்களா? பொருளையும் பிரித்துப் பாருங்கள். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த குக்கி, உலாவி வைத்திருக்கும் சிறு தரவு, கோரிக்கையோடு வழங்கிக்குப் போய்வருகிறது. அமர்வில் (session) மதிப்பு வழங்கியிலேயே தங்கும், அடையாள எண் மட்டும் பெரும்பாலும் குக்கியில் வரும். உலாவிக்குள் உள்ள இரு சேமிப்பிடங்களில் ஒன்று மீளேற்றத்தைத் தாங்கும், ஆனால் தாவலை (tab) மூடினால் அழியும். மற்றது உலாவியையே மூடித் திறந்தாலும் இருக்கும். இந்த நான்குக்கும் பொதுவாகச் செய்வது பேணுவதுதான். 'மதிப்புப் பேணல்' என்று எழுதுங்கள். 'மதிப்பைப் பேணு', 'பேணிய மதிப்பு' என்று நாக்கில் தடையின்றி வருகிறது.

மடல் 5
எழுதியவர்களில் நால்வர் 'பேணல்' பக்கம் நிற்கிறார்கள். மென்பொருள் பராமரிப்போடு குழம்பும் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது, ஆனாலும் பாடத்தில் அதையே இடுகிறேன். 'நிலையற்ற நெறிமுறை'யை 'நினைவு வையா நெறிமுறை' என்று மாற்றிவிட்டேன்.

மடல் 6
மாற்றியதில் மகிழ்ச்சி. ஆனால் பேணல் செயலின் பெயர். பக்கம் போன பின்பும் எஞ்சி நிற்கிறதே, அந்தப் பொருளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது 'எச்சம்' என்று மறுபடியும் எழுதுவேன்.