ஆர்க்: மயங்கின ராப்டர் பாதியில எழுந்துடுது, ஆரம்பத்துல எதை முதல்ல செய்யணும்?

மாந்தோப்பு (பாலக்கோடு)
வணக்கம். டைனோசரைப் பழக்கி உயிர் பிழைக்கிற ஆர்க்: சர்வைவல் எவால்வ்டு கேம், தி ஐலண்டு மேப்ல ஆடுறோம். நான் பாலக்கோடு, ஒருத்தர் காவேரிப்பட்டணம், ஒருத்தர் ஓசூர். சர்வர் வாடகைக்கு எடுக்கலை, என் கம்ப்யூட்டர்லயே நான்-டெடிகேட்டடா ஓட்டுறோம். மூணு பிரச்சினை: ராப்டரை மயக்கினா பழகுறதுக்குள்ள எழுந்து கடிக்குது. நண்பருங்க கொஞ்சம் தள்ளிப் போனா கேம் அவங்களை இழுத்துட்டு வந்து என் பக்கத்துல விடுது. கரண்ட் போனா கட்டின குடிசை இல்லை. எந்த வரிசையில போகணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தகடூர் ட்ரைக்
ராப்டரை அப்புறம் பாக்கலாங்க, முதல்ல கருவி. கல் பிக்குக்கு (கொந்தாளம் மாதிரி) 1 கல், 1 மரம், 10 தாட்ச் (கூரை வேயுற வைக்கோல்). கோடாரிக்கு கல்லுக்குப் பதில் 1 ஃப்ளின்ட் (சிக்கிமுக்கிக் கல்), மத்தது அதே. நிறைய பேர் ஏதாவது ஒண்ணை மட்டும் செஞ்சு வச்சுகிட்டு "பொருள் சேரவே மாட்டேங்குது"ன்னு புலம்புவாங்க. ரெண்டும் கையில இருக்கணும். மரத்தை பிக்கால அடிச்சா தாட்ச் அதிகம், கோடாரியால அடிச்சா மரம் அதிகம். பாறையில பிக் ஃப்ளின்ட் தரும், கோடாரி கல் தரும். செத்த விலங்குல பிக் போட்டா கறி, கோடாரி போட்டா தோல். சேணம், பை, உரல் எல்லாத்துக்கும் தோல்தான் வேணும், அதனால டோடோ பறவையைக் கோடாரியாலயே வெட்டுங்க.

இருட்டுறதுக்குள்ள ஒரு கேம்ப்ஃபயர்: 16 கல், 12 தாட்ச், 2 மரம், 1 ஃப்ளின்ட். எரிபொருளா தாட்ச் போடாதீங்க, ஒண்ணு 7.5 விநாடிதான் நிக்கும். மரத்துண்டு 30 விநாடி எரியும், மிச்சம் கரியும் கிடைக்கும். பின்னாடி வெடிமருந்துக்கு அந்தக் கரி வேணும், கொட்டிடாதீங்க.

முக்கியமான ஒண்ணு: மூணு பேரும் ஒரே ட்ரைப்ல (கேம்ல இருக்குற குழு) சேந்துட்டீங்களா? சேராம இருந்தா ஒருத்தர் பெட்டியை இன்னொருத்தர் திறக்க முடியாது, ஒருத்தர் பழக்கின டைனோ மத்தவங்க விசிலுக்கு அசையாது. சேந்தப்புறம் எங்ராம் (ஒரு பொருளைச் செய்யக் கத்துக்கிற செய்முறை) புள்ளிகளைப் பங்கு பிரிங்க. எல்லாத்தையும் ஒரே ஆள் கத்துக்கப் புள்ளி பத்தாது. ஒருத்தர் சேணம் மட்டும், ஒருத்தர் வீடு கட்டுறது, ஒருத்தர் ஆயுதமும் மயக்க மருந்தும். செய்யத்தான் எங்ராம் வேணும். செஞ்ச சேணத்துல யார் வேணா ஏறலாம், செஞ்ச சுவரை யார் வேணா நிறுத்தலாம். மூணு பேரும் ஒரே கேம்ப்ஃபயரைக் கத்துக்கிறது வெட்டிச் செலவு.

கேஆர்பி டேம்
சர்வர் விஷயம் நான் சொல்றேன். நண்பரை இழுக்குறது கோளாறு இல்லை, நான்-டெடிகேட்டட்ல ஹோஸ்டை, அதாவது கேமை ஓட்டுறவரைச் சுத்தி ஒரு கயிறு கட்டின மாதிரிதான் வச்சிருக்காங்க. கேம்யூசர்செட்டிங்ஸ் கோப்புல டெதர் டிஸ்டன்ஸ் மல்டிப்ளையர்னு ஒரு மதிப்பு உண்டு, அதை ஏத்தினா தூரம் கூடும். ஆனா அவங்க நிக்கிற இடத்தையும் உங்க மெஷின்தான் ஓட்டணும், ஒரேயடியா ஏத்தினா ஹோஸ்ட்டுக்குத் திணறும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க.

குடிசை காணாமப் போறதுக்குக் காரணம் ஆட்டோசேவ். சாதாரணமா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் சேமிக்கும், நடுவுல கரண்ட் போனா கடைசி சேவுக்கு அப்புறம் செஞ்சது எல்லாம் போச்சு. எதையாவது பழக்கி முடிச்சதும், வீடு கட்டி முடிச்சதும் டேப் விசையைத் தட்டி, சேவ்வேர்ல்டு கட்டளையை இடைவெளி விடாம ஆங்கிலத்துல அடிங்க. ஹோஸ்ட் பண்றவருக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இருந்தா நல்லது. யார் வீட்ல கரண்ட் கம்மியா போகுதோ அவரே ஹோஸ்ட் ஆகட்டும், ஆனா புது ஆளோட மெஷின்ல உலகம் புதுசா ஆரம்பிக்கும். மாத்துறதா இருந்தா இப்பவே மாத்திடுங்க.

அஞ்செட்டி காடு
என்னைக் கேட்டா ராப்டரே இப்ப வேணாங்க. அதோட சேணம் நீங்க 18-ஆம் லெவல் வந்தாத்தான் திறக்கும். பழக்கினாலும் அதுவரைக்கும் காவலுக்குத்தான் ஆகும், ஏற முடியாது. பாராசார்னு இலை தின்னுற சாது டைனோ, அதோட சேணம் 9-லயே வந்துடும்: 80 தோல், 50 ஃபைபர், 15 மரம். அடுத்தது 16-ல ட்ரைக் (மூணு கொம்பு ட்ரைசெராடாப்ஸ்). ட்ரைக் கொம்பால அடிச்சு பெர்ரி வாரிக் குவிக்கும், உங்க மயக்க மருந்துப் பஞ்சமே தீந்துடும். ரெண்டுக்கும் மேஜோ பெர்ரிதான் பிடிக்கும். ட்ரைக்கை மயக்கும்போது தலையில அடிக்காதீங்க, அந்தக் கவசம் அடியைத் தின்னுடும். பின்பக்கமா பாறை மேல நின்னுகிட்டு அடிங்க.

இடம்: தெற்குக் கடற்கரைதான் லேசு. ஆத்தோரம் தண்ணி வசதின்னு போய் கட்டுவீங்க. ஒகேனக்கல் முதலைப் பண்ணையில கம்பிக்கு இந்தப்பக்கம் நின்னு பாக்குறது வேற, இங்க சார்கோங்கிற பெரிய முதலை தண்ணியில இருந்து கரைக்கே ஏறி வரும். ஆத்துக்குக் கொஞ்சம் மேல, மேட்டுல கட்டுங்க. தாட்ச் வீடு முதல் ராத்திரிக்கு மட்டும்தான், சீக்கிரம் மரத்துக்கு மாறிடுங்க.

மாந்தோப்பு
நன்றிங்க. சரி, பாராசாரே ஆகட்டும். மயக்க மருந்து எவ்வளவு வச்சுக்கணும்? மயக்கம் தர்ற நார்கோ பெர்ரியை அப்படியே ஊட்டுறதா, அரைக்கணுமா?

தகடூர் ட்ரைக்
உரலுக்கு 65 கல், 15 தோல். அதுல 5 நார்கோ பெர்ரியும் 1 கெட்டுப்போன கறியும் சேத்தா 1 நார்காட்டிக், அதான் மயக்க மருந்து. கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு பெர்ரி மயக்கத்தை 7.5 ஏத்தும், அஞ்சு பெர்ரின்னா 37.5. நார்காட்டிக் 40. பெரிய வித்தியாசமே இல்லை. நார்காட்டிக்கோட லாபம் அது கெடாது, மயக்க அம்பும் அதுலதான் செய்யணும். அதனால உரல் வர்ற வரைக்கும் கருப்பா இருக்குற அந்த நார்கோ பெர்ரியே போதும். வெள்ளை பெர்ரியை மாத்தி ஊட்டிடாதீங்க, ஸ்டிம் பெர்ரி மயக்கத்தைக் குறைக்கும். உங்க ராப்டர் எழுந்ததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

எண்ணிக்கை விலங்கோட லெவலைப் பொறுத்தது. மயக்கப் பட்டை பாதிக்குக் கீழ இறங்குனா ஊட்டுங்க, ஒருத்தர் அதையே பாத்துகிட்டு உக்காரணும். மயங்கிக் கிடக்கும்போது யாரும் அடிக்கக் கூடாது, பக்கத்துல டைலோ (சின்ன ஊனுண்ணி டைனோ) வந்து கடிச்சாலும் டேமிங் எஃபெக்டிவ்னஸ் (எவ்வளவு நல்லா பழகுதுங்கிற அளவு) சரியும். பழகினதும் கிடைக்கிற கூடுதல் லெவல் அதுல குறைஞ்சுபோகும்.

கெட்ட கறி சீக்கிரம் வேணும்னா பச்சைக் கறியை ஒண்ணொண்ணா பிரிச்சு வைங்க. கும்பலா இருந்தா உங்க பையில 10 நிமிஷத்துக்கு ஒண்ணுதான் கெடும், பிரிச்சு வச்சா அத்தனையும் ஒரே நேரத்துல கெடும்.

அஞ்செட்டி காடு
இன்னொண்ணு: மேஜோவை உடனே அதோட பையில போடாதீங்க. அதோட சாப்பாட்டுப் பட்டை நல்லா இறங்கட்டும், கடைசியா மொத்தமா போட்டா வரிசையா தின்னு முடிச்சுடும். நடுவுல ஏதாவது வந்து அதைக் கொன்னாலும் உங்க பெர்ரி மிச்சம். பசியில உயிரும் இறங்கும், அதுல மட்டும் ஒரு கண்ணு வச்சுக்குங்க.