மார்க்கச்சு போதும், ‘மார்புதாங்கி’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிராவுக்குத் தமிழில் ‘மார்புதாங்கி’ என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் வைத்தார்கள்: பூஸ்டன்ஹால்டர், மார்பைப் பிடித்து நிறுத்துவது. இன்று அவர்கள் பேச்சில் அதன் சுருக்கமான ‘பே-ஹா’ (BH) என்ற இரண்டு எழுத்துதான் புழங்குகிறது.

செய்கிற வேலையைப் பெயரிலேயே சொல்லியாக வேண்டுமா என்ன? பிராவின் முழுப்பெயரான பிராசியர் என்ற சொல்லையே பாருங்கள். பிரெஞ்சில் ‘பிரா’ என்றால் கை. பழைய பிரெஞ்சில் பிராசியேர் என்பது கைக்கு அணிந்த காப்பு. அப்புறம் மார்புக் கவசம், பெண்களின் மேலுடை என்று பொருள் நகர்ந்தது. 1914 நவம்பரில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் தான் வடிவமைத்த உள்ளாடைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது பிராசியர் என்ற பெயரில்தான். பிரான்சிலோ இன்றும் கைக்குழந்தையின் சட்டைக்கு அந்தப் பெயர் உண்டு; பெண்களின் உள்ளாடைக்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

நம் கச்சும் இப்படி இடம் மாறியதுதான். திருமுருகாற்றுப்படையில் ‘கச்சினன் கழலினன்’ என்று வருவது முருகன். அது இடையில் கட்டிய கச்சு. பிறகு பெண்கள் மார்பில் கட்டியதற்கும் அதே சொல் வந்தது. இறுக்கிக் கட்டுவது என்பதுதான் அடிப்படை. ‘கச்சை கட்டிக்கொண்டு நிற்கிறான்’ என்று இன்றும் சொல்கிறோமே. வம்பு, வார் என்றும் மார்பில் கட்டும் கச்சுக்குப் பழைய பெயர்கள் உண்டு. வம்பை இன்று யாரும் அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வார் அப்படியல்ல, அதற்குக் கீழே வருகிறேன்.

எனக்கு இது வெறும் சொல்லாய்வு இல்லை. மார்பக அறுவைக்குப் பிறகு பெண்களுக்குக் கொடுக்கும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மார்பை எடுத்துவிட்ட பெண், அந்தப் பக்கம் பஞ்சுத் திண்டு வைத்து பிராவை அணிகிறாள். தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத பக்கத்துக்கும் சேர்த்து ‘தாங்கி’ என்று எழுத என் கை வரவில்லை. மார்க்கச்சு என்று எழுதினேன். படித்துக் காட்டிய அம்மாக்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மார்க்கச்சின் பாகங்களுக்கும் சொல் வேண்டும். தோளில் வரும் பட்டைக்குத் தோள்வார். பழைய சொல்லுக்கு மறுபடி வேலை கிடைக்கும். முதுகுப் பக்கம் கொக்கி, அது ஏற்கெனவே நம் சொல். ‘கப்’புக்கு ஜெர்மனில் சின்னக் கூடை என்கிறார்கள், பிரெஞ்சில் குல்லாய். அவரவர் வீட்டில் கண்ட பொருள்தான். நாம் கிண்ணி என்று வைக்கலாம். ‘கிண்ணியில் திண்டு வைக்கும் உறை’ என்று எழுதிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

கிண்ணிக்கு அடியில் வளைந்து ஓடும் கம்பிக்கு மட்டும் ‘அடிக்கம்பி’யைவிட நல்லதாக ஒன்று தோன்றவில்லை. தையல் தொழிலில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.