பணம் போட்டு ஆடுற குதிரை ரேஸ் கான்டெஸ்ட் – காச எப்படி பிரிச்சுப் போடுறது?

தங்கச்சிமடம்_பையன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். ஊரு தங்கச்சிமடம், ஆறு வருஷமா நியூ ஜெர்சில வேலை, இப்ப லீவுல வந்திருக்கேன், மீன்பிடி தடைக்காலம்ங்கறதால போட்டெல்லாம் கரையில வரிசையா நிக்குது, அப்பாவும் வீட்லதான். ஜூலைல திரும்பிப் போனதும் ஒரு ஹேண்டிகேப்பிங் கான்டெஸ்ட்ல (குதிரைய கணிச்சு பெட் போட்டு, கடைசில யாரு கையில அதிக காசுன்னு பாக்குற போட்டி) சேரப் போறேன், நேர்ல ட்ராக்குக்கே போய் ஆடுறது. நுழைவு 500 டாலர், அதுல 400 நம்ம பெட்டிங் கணக்குக்கு, 100 பரிசுப் பானைக்கு. பத்து ரேஸ், ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 20 போட்டே ஆகணும், மேல எவ்வளவு வேணாலும் போடலாம், கடைசில மிஞ்சுறது நமக்கே. முதல் அஞ்சு பேருக்குப் பரிசு.

போன வருஷமும் இதே ஆட்டம் ஆடினேன். ரேஸுக்கு 40 டாலர்னு சமமாப் பிரிச்சு ஃபேவரைட் (ஜனம் அதிகமா காசு கட்டுற குதிரை) மேலயே வின், அதாவது முதலா வரும்னு, போட்டேன். பத்துல நாலு ஜெயிச்சுச்சு, அது நல்ல கணக்குதானே? ஆனா முடிவுல கையில 384, லீடர்போர்ட்ல அறுபதாவது இடத்துக்கும் கீழ. முதல் ஆளு கையில 2,900. நான் குதிரை எடுக்குறது தப்பா, காசு போடுற விதம் தப்பான்னு ஒரு வருஷமா மண்டைய குடையுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க. இன்னொண்ணு, இங்க சித்தப்பா மகன் நானும் ஒரு ஐம்பதாயிரம் தரேன், சேர்ந்து ஆடுவோம்னு நிக்கிறான், அது சரி வருமா?

மண்டபம்காரன்:
தம்பி, குதிரை எடுத்ததுல தப்பே இல்ல. அமெரிக்காவுல ஃபேவரைட் ஜெயிக்கிறது சுமாரா மூணுக்கு ஒண்ணு, நீ பத்துல நாலு எடுத்திருக்க. ஆனா 2 டாலருக்கு 4.80 தர்ற குதிரைல 40 போட்டா 96 வருது, நாலு தடவை வந்தா 384, போட்டது 400. நல்லா எடுத்தும் நட்டம், ஏன்னா ட்ராக்காரன் வின் பூல்ல (எல்லாரும் வின்னுக்கு போட்ட மொத்தக் காசு) இருந்து 15, 17 சதவீதம் முதல்லயே எடுத்துட்டுத்தான் மிச்சத்த பிரிச்சுக் குடுக்குறான், முதல் ரெண்டு, மூணு குதிரைய வரிசை மாறாம சொல்ற எக்ஸாக்டா டிரைஃபெக்டாவுல 20, 25 வரைக்கும் போகும்.

அதவிட பெரிய விஷயம், கான்டெஸ்ட்ல அறுபதாவது வந்தவனுக்கும் கடைசி வந்தவனுக்கும் பரிசு ஒண்ணுதான், சைபர். சாதாரண நாள்ல 400 பத்திரமா வச்சிருக்கிறது புத்தி, இங்க அது உனக்கு எந்த உதவியும் செய்யாது. நான் பன்னெண்டு வருஷம் அங்கிட்டு இருந்தப்ப முதல் மூணு வருஷம் இதே மாதிரி பொத்திப் பொத்தி ஆடி வீணாக்கினேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இன்னொண்ணு, எந்த வகை போட்டிக்கான டிப்ஸ் படிக்கிறன்னு பாரு. லாஸ் வேகாஸ்ல நடக்குற தேசிய சாம்பியன்ஷிப் மாதிரி போட்டில நெசக் காசு இல்ல, எல்லா ரேஸுக்கும் கணக்குக்கு 2 டாலர் வின், 2 டாலர் ப்ளேஸ் (முதல் ரெண்டுக்குள்ள வந்தா போதும்), அதுவும் வின்னுக்கு ஆட்ஸ் 20-1க்கு (ஒரு டாலருக்கு 20 டாலர் லாபம்) மேல வந்தாலும் 20-1 கணக்குத்தான். 2022 கென்டக்கி டெர்பில ரிச் ஸ்ட்ரைக் 80-1ல ஜெயிச்சு 2 டாலருக்கு 163.60 குடுத்துச்சு, அங்க அது 42 டாலர்தான். அதனால அவங்க நீளமான ஆட்ஸ் குதிரையா தேடித் தேடி எடுக்கச் சொல்லுவாக, எல்லா ரேஸுக்கும் ஒரே தொகைங்கறதால வேற வழி கிடையாது. உன்னோடது நெசக் காசு வச்சு ஆடுற ப்ரீடர்ஸ் கப் கான்டெஸ்ட் வகை, அதுல 10,000 டாலர் கட்டினா 7,500 ஆடுற காசு, 2,500 பரிசுக்கு. இந்த வகைல உன் கையில இருக்குற ஆயுதமே எந்த ரேஸ்ல எவ்வளவு போடுறங்கறதுதான், அதப் போய் சமமாப் பிரிச்சுட்டியே.

நம்ம ஊரு மாட்டுவண்டிப் பந்தயத்துல பாத்திருப்ப, பேர் வாங்கின ஜோடி வந்து நின்னாலே கூட்டம் பூரா அது பக்கம்தான், முந்தாநாள் வேற ஊர்ல ஓடிக் களைச்ச மாடா, இன்னைக்கு சாரதி யாருங்கறத நாலு பேருதான் கவனிப்பான். குதிரைலயும் அப்படி ஜனம் தப்பா நம்புற ரேஸ் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தான் கிடைக்கும். எட்டு ரேஸுக்கு வெறும் 20 போட்டு கடந்து போ, மிச்சத்த அந்த ரெண்டுக்கு வை.

தொண்டி_வாத்தியார்:
மண்டபம் அண்ணன் சொன்னதுக்கு கணக்கு போட்டுக் காட்டுறேன். எட்டு ரேஸ் × 20 = 160. மிச்சம் 240. அத ஒரு 3-1 குதிரைல வின் போட்டு வந்தா 960, அத அப்படியே இன்னொரு 3-1ல வச்சு அதுவும் வந்தா 3,840. போன வருஷ முதல் ஆள தாண்டிட்ட. பெரிய 50-1 அதிசயம் எதுவும் தேவைப்படல, ரெண்டு நடுத்தர அடி போதும்.

எவ்வளவு தடவை நடக்கும்? ட்ராக் கமிஷன் போக 3-1 குதிரைக்கு உண்மையான வாய்ப்பு 20 சதவீதம் சுமார், ரெண்டும் சேர்ந்தா 4 சதவீதம், 25 தடவைக்கு ஒரு தடவை. மத்த 24 தடவை ஏறக்குறைய வெறுங்கையாத்தான் வருவ, இத மனசுல வச்சுக்க. ஆனா 100 பேர் ஆடுறாங்கன்னா பானை 10,000, முதல் ஆளுக்கு பாதி 5,000ன்னு வச்சா, கையில இருக்குற 3,840ஓட சேத்து 8,840, அதுல 4 சதவீதம் 354 வருது, எட்டு சின்ன பெட்ல திரும்பி வர்றது 136 போல, மொத்தம் 490. 500 கட்டினதுக்கு 490. உன் பழைய முறைல சராசரியா 340 தான். ட்ராக் எடுக்குற கமிஷன இந்தப் பரிசுப் பானைதான் ஈடு கட்டுது, அதுக்கு மேல லாபம் வேணும்னா உன் குதிரை அறிவுல இருந்துதான் வரணும். 3,840 வச்சா முதலிடம் நிச்சயம்னும் இல்ல.

கெல்லி ஃபார்முலான்னு ஒண்ணு படிச்சிருப்ப, ஒவ்வொரு பெட்டுக்கும் கையில இருக்குறதுல எவ்வளவு போடணும்னு சொல்றது, 1956ல பெல் லேப்ஸ்ல வேலை பாத்தவர் எழுதினது. காலம் பூரா ஆடுறவன் திவாலாகாம வளர்றதுக்கு அருமையான கணக்கு, ஒரே நாள் போட்டிக்கு பொருந்தாது, சின்னச் சின்னதா போடச் சொல்லி உன்ன நடுவுலயே நிறுத்திரும்.

கடைசி ரேஸ் பத்தி முக்கியமா ஒண்ணு. கையில 420, அஞ்சாவது ஆளு கிட்ட 1,300, முதல் ஆளு கிட்ட 2,100ன்னு வச்சுக்க. முழுசாப் போட்டா 5-2 குதிரை 1,470 ஆக்கும், பரிசு இடத்துக்கு வந்துருவ. 9-2 குதிரை 2,310 ஆக்கும், முதலிடம். அப்ப எதுக்கு 20-1 குதிரைய தொடுற? தேவைக்கு மேல ஒரு சின்ன இடைவெளி போதும், ஏன்னா உனக்குப் பின்னால இருக்குறவனும் முழுசா போடுவான். அதேபோல 6-5ல போட்டு ஜெயிச்சாலும் 924 தான், தொடவே தொடாத. வார நாள்ல சின்ன பூல்ல பெரிய தொகை போட்டா நீ போட்ட காசே ஆட்ஸ இறக்கிரும், அதையும் கணக்குல சேத்துக்க.

பாம்பன்_அக்கா:
தம்பி, ஆட்டத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, உன் சித்தப்பா மகன் விஷயத்துக்கு மட்டும் சொல்றேன், நான் இந்த கணக்கு வழக்கு வேலைலதான் இருக்கேன். வேண்டவே வேண்டாம். லாட்டரி, ஸ்வீப்ஸ்டேக்ஸ் மாதிரி விஷயங்களுக்கு இங்கருந்து வெளிநாட்டுக்கு பணம் அனுப்பக் கூடாதுன்னு ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகள்லயே இருக்கு. குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம்னு 1996ல சுப்ரீம் கோர்ட் சொன்னத வச்சு பேசுவான், அது கிண்டி ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கு, வெளிநாட்டுக்கு பணம் அனுப்புறதுக்கு அனுமதி ஆகாது. ஆன்லைன்ல பணம் வச்சு ஆடுறதையும் 2025 சட்டம் தடை பண்ணிருச்சு. அதோட இந்த தடைக்காலத்துல, வருமானமே இல்லாத ரெண்டு மாசத்துல ஐம்பதாயிரம் எங்கருந்து வருது? வட்டிக்கு வாங்கித்தான் வரும். எங்க வீட்ல ஒருத்தரு இப்படி வாங்கி படகையே வித்தாரு, அதப் பாத்து வளந்தவ நான். உன் காசுல நீ ஆடு, அவன இதுல சேக்காத. ஜெயிச்சா அமெரிக்கால டாக்ஸ் இருக்கு, 2026லருந்து தோத்த பணத்துல 90 சதவீதம் தான் கழிக்க முடியும், எல்லா டிக்கெட்டையும் எடுத்து வை.

தங்கச்சிமடம்_பையன்:
அக்கா, இன்னைக்கே அவன்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன், கொஞ்சம் கோவிச்சுக்கிட்டான், பரவால்ல. வாத்தியார் அண்ணே, அந்த 490 கணக்க மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன், இத்தன வருஷம் யாரும் இப்படி சொல்லித் தரல, ரொம்ப நன்றி. ஒரே சந்தேகம், நான் குறிச்சு வச்ச ரேஸ் புல் ட்ராக்ல இருந்து மழை வந்து மண் ட்ராக்குக்கு மாத்திட்டா என்ன பண்ண?

மண்டபம்காரன்:
அப்ப அந்த ரேஸுக்கு 20 மட்டும் போட்டு விட்ரு. மாத்தின உடனே பாதி குதிரைய வாபஸ் வாங்கிருவாக, அஞ்சு ஆறு குதிரைதான் நிக்கும், ஆட்ஸ் சுருங்கிரும், நீ பாத்து வச்ச புல்லு ஓட்டக் கணக்கும் செல்லாது. அதனால மூணாவதா ஒரு ரேஸ் மண் ட்ராக்லயே குறிச்சு வச்சுக்க. காலைல போனதும் முதல் வேலையா வாபஸ் பட்டியலப் பாரு.