கருவாட்டை யாருக்கு விற்பது: ராமேஸ்வரத்துக்கு வருபவருக்கா, கமுதிச் சந்தைக்கு வருபவருக்கா?

பாம்பன்கரை:
நாங்கள் பாம்பனில் மகளிர் குழுவாகச் சேர்ந்து கருவாடு போடுகிறோம். நெத்திலி, காரல், சாவாளை, கிடைக்கும்போது சீலா. இதுவரை மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் கொடுத்து வந்தோம். அவர் சொல்வதுதான் விலை. இப்போது மணலில் பரப்புவதை விட்டுவிட்டுப் பரண் கட்டி, மேலே வலை விரித்துக் காயவைக்கிறோம். சரக்கு சுத்தமாக வருகிறது. இதைப் பாக்கெட் போட்டு எங்கள் பெயரிலேயே விற்க வேண்டும் என்பது ஆசை. கடன் கேட்டுப் போன இடத்தில், “யாருக்கு விற்பீர்கள்?” என்றார்கள். “எல்லோருக்கும்” என்றோம். அந்தப் பதில் அவர்களுக்குப் போதவில்லை. குழுவிலும் ஒத்த கருத்து இல்லை. பாதிப் பேர் ராமேஸ்வரம் சாலையில் கடை போடலாம் என்கிறார்கள், மீதிப் பேர் கமுதி போன்ற உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோகலாம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரிச்சல்முனை:
அக்கா, ராமேஸ்வரம்தான். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. 2017 ஜூலையில் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள், பேக்கரும்பில் கலாம் நினைவிடமும் அப்போதுதான் திறந்தது. அதற்குப் பிறகு தீவுக்குள் வரும் வண்டிகளை நீங்களே பார்க்கிறீர்கள். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயிலும் 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தபின் மறுபடி தீவுக்கே வந்துவிட்டது. சாலையில் வருகிற ஒவ்வொரு வண்டியும் உங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆளைத் தேடி நீங்கள் போக வேண்டியதில்லை, ஆளே உங்களிடம் வருகிறார். வண்டி வாடகை கிடையாது, இடைத்தரகர் கிடையாது, காசு கையில். இதை விட்டுவிட்டுக் கமுதிக்கு மூட்டை தூக்குவது ஏன்?

சாயல்குடிப்பனை:
வருகிறவர் எண்ணிக்கையும் வாங்குகிறவர் எண்ணிக்கையும் ஒன்றல்ல, தம்பி. அந்த வண்டிகளில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் நீராடி வருகிறவர்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தீவில் கால் வைக்க இடமிருக்காது, ஆனால் அன்று வந்தவர்களில் மீனைத் தொடுகிறவர் எத்தனை பேர்? சங்கு வாங்குவார்கள், பாசிமணி வாங்குவார்கள், கருப்பட்டி கூட வாங்குவார்கள். பிதுர்க் காரியம் முடித்த கையோடு கருவாட்டுப் பொட்டலத்தை ஏந்திக்கொண்டு ரயில் பெட்டியில் ஏறமாட்டார்கள். வாசனை ஒன்று போதும், பக்கத்து இருக்கைக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்.

கருவாடு யாருடைய சாப்பாடு என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள். கரையில் இருக்கிற நமக்குப் பச்சை மீன் கிடைக்கிறது, அதனால் இங்கே கருவாடு துணைக்கறிதான். முதுகுளத்தூர், கமுதி, அபிராமம், அருப்புக்கோட்டைப் பக்கம் போனால் நிலைமை வேறு. வானம் பார்த்த பூமி, பச்சை மீன் தினமும் வராத ஊர்கள். அங்கே கருவாட்டுக் குழம்பு விருப்ப உணவு மட்டுமல்ல, வாராந்திரத் தேவையும்கூட. வாரம் தவறாமல் வாங்குகிறவர் அங்கேதான் இருக்கிறார். இன்றைக்கு உங்களிடம் மூட்டை எடுக்கும் வியாபாரி அதை எங்கே இறக்குகிறார் என்று ஒரு தடவை பின்தொடர்ந்து பாருங்கள். உங்கள் சந்தை எது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அரிச்சல்முனை:
வடக்கிலிருந்து வருகிறவர் எல்லாம் சைவம் என்று நீங்களாகவே முடிவு கட்டுகிறீர்கள், ஐயா. புவனேஸ்வரத்துக்கு இங்கிருந்து ரயில் போகிறது. ஒடியாக்காரர் வீட்டில் உலர்ந்த மீன் உண்டு, வங்காளத்திலும் உண்டு. அது போகட்டும், தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் தீர்த்தமாட வருபவர்கள் இல்லையே. மதுரை, திருச்சி, கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடும் நண்பர்களோடும் வருகிறார்கள், குடிசைக் கடையில் மீன் வறுவல் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு பாக்கெட் நெத்திலியைக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்?

சந்தையில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்கள். அங்கே கருவாட்டைக் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். மணலில் காய்ந்ததும் பரணில் காய்ந்ததும் ஒரே குவியல், ஒரே விலை. அக்கா குழு பரண் கட்டிய செலவை அந்த விலையில் எப்படி எடுக்கும்? மீனைப் பொறுத்து 3, 4 கிலோ பச்சை மீன் காய்ந்தால்தான் 1 கிலோ கருவாடு. குறைந்த விலைச் சந்தைக்குள் போய்விட்டால் அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது.

சாயல்குடிப்பனை:
விலை பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஒடியாக்காரர் விஷயத்தில் இல்லை. அவர் ஊரில் அவருக்குப் பழகிய மீன் வேறு, உப்பின் அளவு வேறு. தெரியாத ஊரில், மொழி தெரியாத கடையில், யாத்திரைக்கு நடுவே வாங்குவாரா? வாங்குவார் என்றால் அதை நிரூபித்துவிட்டுப் பிறகு கடை போடுங்கள். ஊகத்துக்கு வாடகை கொடுக்க மகளிர் குழுவிடம் பணம் கிடையாது.

தனுஷ்கோடிக்கு வருகிறவர் வேறு கூட்டம் என்பது சரிதான். அவர் ஒரு தடவை வாங்குவார். மறுபடி எப்போது வருவார்? கருவாட்டுத் தொழிலில் இரண்டாவது தடவை வாங்குகிறவரை வைத்துத்தான் கணக்கு.

கீழக்கரையான்:
இரண்டு பேரும் ஒரு கூட்டத்தை விட்டுவிட்டீர்கள். எங்கள் ஊரில் வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். விடுமுறை முடிந்து திரும்பும்போது பெட்டியில் மாசியும் (சூரை மீனை வேகவைத்துக் காயவைத்தது) கருவாடும் இல்லாமல் கிளம்புவதில்லை. காற்றுப் புகாத பாக்கெட் என்றால் விலை பேசாமல் வாங்குவார்கள். ஏனென்றால் துணிமணியெல்லாம் நாறிப்போவதுதான் அவர்களுடைய பெரிய கவலை. முறைப்படி ஏற்றுமதி செய்ய எம்பெடா (கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவு முதல் பல படிகள் இருக்கின்றன, குழு இப்போதே அதில் இறங்க வேண்டாம். ஆனால் கிளம்புகிற வீட்டுக்கு நம் ஊரிலேயே விற்பதற்கு அதெல்லாம் தேவையில்லை.

வடகடல்:
யார் வாங்குவார் என்று பேசுகிறீர்கள். எப்போது சரக்கு இருக்கும் என்று யாரும் கேட்கவில்லையே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, 61 நாள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, வாடைக்காற்று. வெயிலில் காயவைக்க முடியாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்தொழில்நுட்ப நிறுவனத்தார் சூரிய உலர்த்தி வடிவமைத்திருக்கிறார்கள், அதைப் பற்றி விசாரியுங்கள். அது இல்லாமல் ஆண்டு முழுக்கப் பாக்கெட் தருகிறேன் என்று கடைக்காரரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு தடவை சரக்கு இல்லை என்றால் அவர் அலமாரியில் உங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்.

பாம்பன்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சங்கடம். போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் நின்று பலரிடம் கேட்டோம். “இப்படிச் சுத்தமான கருவாடு பாக்கெட்டில் வந்தால் வாங்குவீர்களா?” கேட்ட எல்லோருமே வாங்குவேன் என்கிறார்கள். இதை நம்பலாமா?

தொண்டிக்காற்று:
நம்பக் கூடாது, சகோதரி. ஒரு பெண் வெயிலில் நின்று கேட்கும்போது மாட்டேன் என்று யார் முகத்துக்கு நேரே சொல்வார்? நம் ஊர் மரியாதை அது. நடக்கப்போவதைக் கேட்காமல் நடந்து முடிந்ததைக் கேளுங்கள். கடைசியாகக் கருவாடு எப்போது வாங்கினீர்கள், எங்கே, எந்த மீன், எவ்வளவு கொடுத்தீர்கள், வீட்டில் யார் சமைத்தார், மிச்சத்தை எங்கே வைத்தீர்கள். கடைசியாக வாங்கியது நினைவில் இல்லை என்பவர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல, அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும்.

அடுத்து, விற்கிறவர்களைக் கேளுங்கள். பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் மளிகைக் கடைக்காரரிடம் போய் எந்த மாதம் கருவாடு தேங்குகிறது என்று கேட்டால் சொல்வார். புரட்டாசியில் ஒரு சரிவு, கார்த்திகை பிறந்து மாலை போட்டதும் இன்னொரு சரிவு, கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த கரையோர ஊர்களில் தவக்காலத்தில் ஒன்று. முஸ்லிம் குடும்பங்கள் உள்ள ஊர்களுக்குப் புரட்டாசிச் சரிவு கிடையாது. ஆக, கீழக்கரையையும் தொண்டியையும் கமுதியையும் ஒரே சந்தை என்று நினைத்தால் சரக்கை எந்த மாதம் எங்கே அனுப்புவது என்றே தெரியாமல் போய்விடும். வயது, வருமானம் என்று பிரிப்பதைவிட, எந்த மாதம் எதற்காக நிறுத்துகிறார்கள் என்று பிரிப்பது நம் தொழிலுக்கு அதிகம் உதவும்.

மூன்றாவது, இணையத்தில் ஏற்கெனவே விற்கும் நாலைந்து பேருடைய பாக்கெட்டுகளை விலை கொடுத்து வாங்கிப் பிரியுங்கள். எடை சரியா, தேதி இருக்கிறதா, தலையும் குடலும் நீக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை உட்கார்ந்து படியுங்கள். மணல், அதிக உப்பு, பூச்சி, கசிந்த பொட்டலம், இந்த நாலில் எது அடிக்கடி வருகிறதோ அதுதான் உங்கள் விளம்பர வாசகம். பரண் கட்டியதற்கு விலை கொடுக்கத் தயாராக இருப்பவர் யார் என்பதும் அதில் தெரிந்துவிடும். சந்தைக் குவியலில் கை விட்டு அள்ளி, முகர்ந்து, பேரம் பேசி வாங்குகிற அம்மாவுக்குப் பாக்கெட் தேவையில்லை. கண்ணால் பார்க்காமல் வாங்க வேண்டிய சென்னைக்காரிக்குத்தான் தேவை.

சாயல்குடிப்பனை:
கடைசி வரியை நான் ஏற்கவில்லை. சந்தைக்கு வருகிற அம்மாவைக் குறைவாக எடைபோடுகிறீர்கள். அவர் முகர்ந்து வாங்குகிறார் என்றால் தரம் பார்க்கத் தெரிந்தவர் என்று பொருள். மணல் இல்லாத கருவாட்டைக் கழுவ எவ்வளவு தண்ணீர் குறையும் என்று முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், குடத்துக்குக் காசு கொடுத்தவர் அவர். பாக்கெட் வேண்டாம் என்றால் பாக்கெட் வேண்டாம். ஆனால் தனிக் கூடையில், தனி விலையில், “இது மணல் படாதது” என்று சொல்லி விற்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார் என்பது என் கணிப்பு. முன்பு விலை விஷயத்துக்கு வருகிறேன் என்றேனே, இதுதான் அது.

அரிச்சல்முனை:
கணிப்புக்கு வாடகை கொடுக்கக் கூடாது என்று என்னிடம் சொன்னது நீங்கள்தான், ஐயா. அதே அளவுகோல் உங்களுக்கும் வேண்டும். என் யோசனை இது. கடை வேண்டாம், ஒரு மேசை போதும். தனுஷ்கோடிச் சாலையில் மீன் வறுவல் விற்கும் ஒருவரிடம் பேசி, அவர் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம் ஒரு விலை, அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டி இன்னொரு விலை. அதே சரக்கைக் கமுதியிலும் அதே இரண்டு விலையில் வையுங்கள். எத்தனை பேர் நின்று பார்த்தார், எத்தனை பேர் காசு எடுத்தார், போகும்போது கைப்பேசி எண் கொடுத்தார் யார் என்று எழுதி வையுங்கள். எண் கொடுத்தவரை அடுத்த மாதம் அழைத்து மறுபடி வேண்டுமா என்று கேளுங்கள். தனுஷ்கோடியில் வாங்கிய மதுரைக்காரர் கூரியரில் மறுபடி கேட்டால், ஒரு தடவைதான் வாங்குவார் என்ற உங்கள் வாதம் விழுந்துவிடும். கேட்கவில்லை என்றால் என் வாதம் விழும்.

சாயல்குடிப்பனை:
சம்மதம். சீலாவை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அதன் விலை தாறுமாறாக ஏறி இறங்கும், கணக்கு குழம்பும். நெத்திலியும் காரலும் போதும்.

பாம்பன்கரை:
குழுவில் பேசிவிட்டேன். நெத்திலி, காரல் இரண்டு மட்டும். கமுதிக்குக் கூடையில், தனுஷ்கோடிக்குப் பாக்கெட்டில். தடைக்காலம் முடிந்து சரக்கு வந்ததும் ஆனி, ஆடியில் வைக்கலாம் என்று நினைக்கிறோம். கீழக்கரையில் விடுமுறைக்கு வருகிற வீடுகளுக்கும் கொஞ்சம் தனியாக எடுத்து வைக்கிறோம்.

தொண்டிக்காற்று:
ஆடி அமாவாசை வாரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலிருந்தும் நீக்கிவிடுங்கள். புரட்டாசி பிறப்பதற்கு முன்பே இரண்டு விலையையும் முடித்துவிட வேண்டும். அப்புறம், கூடைக்கு ஒரு விலையும் பாக்கெட்டுக்கு ஒரு விலையும் வைப்பீர்கள் என்றால், பாக்கெட் உறையின் செலவைத் தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் தனுஷ்கோடி ஜெயித்ததா உறை ஜெயித்ததா என்று நீங்கள் எல்லோரும் இங்கேயே வந்து மறுபடி வாதாட வேண்டியிருக்கும்.

அரிச்சல்முனை:
கமுதியிலும் பத்துப் பாக்கெட் வையுங்கள், அக்கா. அப்போதுதான் அது தெரியும்.